பாபநாசத்திலிருந்து புனேவுக்குத் தனியாகக் காரில்: போகலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், புதிதாகப் படிப்பவர்களுக்கும் புரியும். கேட்டவருக்கு வயது 34, தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசம் பக்கம் ஒரு கிராமம். கல்யாணம் முறிந்து சில வருடம் ஆகிவிட்டது, எட்டு மாதத்துக்கு முன்பு அப்பாவும் காலமாகிவிட்டார். புனேவில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்திருக்கிறது, திங்கட்கிழமை காலையில் சேர வேண்டும். அப்பா வைத்திருந்த 2017 வேகன் ஆரில், மேலே கேரியர் போட்டு வீட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பினால் ஞாயிறு ராத்திரி போய்ச் சேர்ந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார். இதுவரை ஓட்டியது கும்பகோணம், தஞ்சாவூர், அதிகம் போனால் திருச்சி. "பொம்பளப் பிள்ளை தனியா அவ்வளவு தூரமா" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் தடுக்கிறார்கள். போகலாமா, வேண்டாமா?

வழி கேட்பதாக இருந்தால் போனில் மேப்பைத் திறந்தாலே போதும். நீங்கள் கேட்டிருப்பது, டெல்டாவுக்குள்ளேயே ஓட்டிப் பழகிய ஒருவரால் 1,250 கிலோமீட்டருக்கு மேல் தனியாக ஓட்ட முடியுமா என்பது. அதற்குள்ளேயே இன்னொரு கேள்வியும் இருக்கிறது, இப்படி எல்லாவற்றையும் கட்டிக்கொண்டு கிளம்புவது சரிதானா என்று. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதல் கேள்விக்குப் பதில், தாராளமாக முடியும். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் திட்டப்படி போக வேண்டாம்.

நான் கிளீனராக லாரியில் ஏறி, பிறகு டிரைவராகி, நாமக்கல் வண்டிகளில் பம்பாய் லைன் பல வருடம் ஓட்டியவன். நீங்கள் போகப் போகும் பெங்களூரு–புனே ரோடு அந்த லைனில்தான் வருகிறது. இப்போது கும்பகோணத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். ரோட்டில் நான் பார்த்த விபத்துகளில் வண்டி ஓட்டத் தெரியாததால் நடந்தவை குறைவு. நாளைக்குக் காலையில் அங்கே இருந்தே ஆக வேண்டும் என்ற அவசரத்தில் நடந்தவைதான் அதிகம். கல்யாணத்துக்குப் போகிறவர்கள், துக்கத்துக்குப் போகிறவர்கள், லோடு இறக்க வேண்டியவர்கள், திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டியவர்கள். அதனால் இந்தப் பதில் முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப் போவது ஒன்றுதான்: வேலையில் சேரும் தேதியையும் கார் கிளம்பும் தேதியையும் ஒன்றோடு ஒன்று முடிச்சுப் போடாதீர்கள்.

முதலில், போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரி. "வண்டி இன்னும் அப்பா பேரில்தான் இருக்கிறது." ரோட்டைவிட எனக்கு இதுதான் கவலை. வண்டியின் சொந்தக்காரர் இறந்துவிட்டால், வண்டி யார் கைக்கு வருகிறதோ அவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவித்துவிட்டு, மூன்று மாதம் வரை ஓட்டலாம்; அந்த மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துத் தன் பேருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். மோட்டார் வாகன விதிகளில் உள்ளது இது, சந்தேகமே இல்லை. இன்சூரன்ஸும் அப்படித்தான். பாலிசிதாரர் இறந்த நாளிலிருந்து மூன்று மாதம், அல்லது பாலிசி முடியும் நாள், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரைதான் அந்தப் பாலிசி செல்லும். உங்களுக்கு எட்டு மாதம் ஆகிவிட்டது. ஆன்லைனில் அப்பா பேரிலேயே பிரீமியம் கட்டிப் புதுப்பித்திருந்தாலும், ஒரு விபத்து என்று வந்தால் கிளெய்ம் சிக்கலில்தான் போய் முடியும். அதோடு, பாலிசியில் ஓனர்-டிரைவருக்கு என்று 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு ஒன்று உண்டு. ஆர்.சி.யில் பேர் இருந்து, லைசென்சும் வைத்திருப்பவருக்கு மட்டுமே அது பொருந்தும். இன்றைய நிலையில் வண்டியை ஓட்டப் போகிற உங்களுக்கு அது இல்லை.

அதனால் முதல் வேலை பேர் மாற்றம். இறப்புச் சான்றிதழ், தாசில்தார் ஆபீசில் வாங்கும் வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் இதெல்லாம் வேண்டும். தாமதத்துக்கு அபராதம் கேட்பார்கள், கட்டிவிடுங்கள். சென்னையில் ஒரு அண்ணன் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அவர் கையெழுத்தும் தேவைப்படும். அவருக்கு நீங்கள் போவதில் சம்மதம் இல்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கையெழுத்தை "நான் புனே போகிறேன், கையெழுத்துப் போடு" என்று கேட்காமல், "அப்பா வண்டி பேர் மாத்தாம கிடக்குது, போலீஸ் பிடிச்சா நமக்குத்தான் தொல்லை" என்று தனியாகக் கேளுங்கள். இரண்டும் வேறு வேறு விஷயம்தானே. இதற்கு எத்தனை நாள் ஆகும் என்பது ஆபீசுக்கு ஆபீஸ், ஊருக்கு ஊர் மாறும், அதில் யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது. (மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பேரைப் பதிந்து வைக்கலாம். வீட்டில் வயதானவர்கள் பேரில் வண்டி இருந்தால் இப்போதே செய்து வையுங்கள்.)

பேர் மாறி, உங்கள் பேரில் பாலிசி வராமல் இந்த வண்டி தமிழ்நாட்டு எல்லையைத் தாண்டக் கூடாது என்பது என் கருத்து. அதற்குள் வேலையில் சேரும் நாள் வந்துவிட்டால் சென்னை போய் மும்பை ரயில் ஏறிப் புனேவில் இறங்குங்கள், ஒரு பையோடு போய் வேலையில் சேருங்கள். பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு வாரம் சேர்ந்தாற்போல் லீவு கிடைக்கும்போது வந்து வண்டியை எடுத்துக்கொள்ளலாம். இப்படிச் செய்தால் இன்னொரு நல்லதும் உண்டு. அங்கே உங்களுக்கு ஒரு ரூம், வண்டி நிறுத்த ஒரு இடம், தெரிந்த முகம் ரெண்டு மூணு இருக்கும். தெரியாத ஊரில், வண்டி நிறைய சாமானோடு, எங்கே நிறுத்துவது என்றே தெரியாமல் ராத்திரி பத்து மணிக்குப் போய் இறங்குவதை நினைத்துப் பாருங்கள். வண்டியே வேண்டாம் என்றால் கார் ஏற்றும் லாரிகளிலும் அனுப்பலாம். அதில் ஒன்றும் தோல்வி இல்லை. ஏற்றும் முன் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், வண்டிக்குள் சாமான் எதுவும் வைக்காதீர்கள், வழியில் சேதமானால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

சரி, ஓட்டிக்கொண்டுதான் போக வேண்டும் என்று உங்கள் எழுத்திலேயே தெரிகிறது, அதை நான் மதிக்கிறேன். அப்பா வண்டி, உங்கள் கையில் ஸ்டீயரிங், நீங்களாகவே ஒரு ஊரை விட்டு இன்னொரு ஊருக்குப் போவது. சொந்தக்காரர்கள் சொல்வதில் எது பயம், எது நியாயம் என்று பிரித்துப் பார்ப்போம்.

டெல்டாவில் ஓட்டியது ஒரு அனுபவமா என்று நீங்களே உங்களைக் குறைத்து எழுதியிருக்கிறீர்கள். அது தப்பு. ஆற்றங்கரை ரோட்டில் எதிரே மினி பஸ் வந்தால் ஒதுங்க ஒரு முழ மண் கூட இருக்காது, அங்கே ஓட்டியிருக்கிறீர்கள். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காயும், மிச்சப் பாதியில் அறுவடை மெஷின் வரும், அங்கேயும் ஓட்டியிருக்கிறீர்கள். பழைய கும்பகோணம்–தஞ்சாவூர் ரோட்டில் தனியார் பஸ்ஸுக்கு நடுவே ஓட்டிய யாரும் நெடுஞ்சாலையில் வண்டி வளைக்கத் தெரியாமல் நிற்கப் போவதில்லை. உங்களுக்குப் பழக்கம் இல்லாதது வேறு இரண்டு விஷயம். ஒன்று, ஒரே வேகத்தில் மணிக்கணக்காகப் போவது. நம் ஊரில் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் ஏதாவது குறுக்கே வந்து உங்களை விழிப்பாக வைத்திருக்கும், அங்கே எதுவும் வராது, அதனால் கண் சொக்கும். இன்னொன்று, வேகத்தை எடை போடுவது. 100-இல் வரும் வண்டி கண்ணாடியில் தூரத்தில் தெரியும்போதே உங்கள் பக்கத்தில் வந்துவிடும். இரண்டையும் பழகலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை திருச்சி போய் அங்கிருந்து சென்னை நெடுஞ்சாலையில் பெரம்பலூர் வரை ஓட்டித் திரும்புங்கள். இன்னொரு நாள் திருச்சி, முசிறி, நாமக்கல் வழியாகச் சேலம் போய், அங்கே தூங்கி, மறுநாள் வாருங்கள். அந்த இரண்டாவது ஓட்டத்தில் முதுகு எப்படி இருக்கிறது, எத்தனை மணிக்குக் கண் எரிகிறது என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் உடம்பைப் பற்றி நான் சொல்வதைவிட அது சரியாகச் சொல்லும்.

வெள்ளி சாயங்காலம் கிளம்புவது ஏன் கூடாது என்றால், அன்று காலையிலிருந்து நீங்கள் விழித்திருப்பீர்கள். கடைசி நாள் சாமான் கட்டுவது, அழுகை, வருகிறவர் போகிறவர், சரியாகச் சாப்பிட்டிருக்கவும் மாட்டீர்கள். ராத்திரி இரண்டு மணியிலிருந்து விடியும் வரை மனித உடம்பு தூக்கத்தைக் கேட்கும், டீயோ பாட்டோ அதை நிறுத்தாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறது, மூன்று நொடி கண் மூடினால் 66 மீட்டர். ராத்திரியில் ரோட்டோரம் பிரேக்டவுன் ஆகிப் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் லாரியைப் பார்க்க உங்களுக்கு அவ்வளவு தூரம்தான் இருக்கும். லாரி டிரைவர்களுக்கு அது தொழில், பகலில் தூங்கி ராத்திரி ஓட்டிப் பழகிய உடம்பு, அப்படி இருந்தும் அவர்களே மோதுகிறார்கள். ஆகவே பகலில் மட்டும் ஓட்டுங்கள். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, மூன்று மூன்றரைக்கு ரூம் போட்டுவிட வேண்டும். மதியச் சாப்பாட்டை அரை வயிறாக வைத்துக்கொள்ளுங்கள், இரண்டிலிருந்து நாலு வரையும் ஒரு தூக்கம் தள்ளும். அசதி வந்தால் பெட்ரோல் பங்க்கில் நிழலாகப் பார்த்து நிறுத்தி, கதவைப் பூட்டி, இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள். முகம் கழுவுவதெல்லாம் பத்து நிமிடத்துக்குத்தான்.

இரண்டு நாள் என்பதை நாலு நாளாக்குங்கள். முதல் நாள் தஞ்சாவூர், திருச்சி, முசிறி, நாமக்கல், சேலம், தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், ஏறக்குறைய 380 கிலோமீட்டர். ஓசூரிலேயே தங்கிவிடுங்கள். தொப்பூர் கணவாயைப் பற்றிப் பயமுறுத்தியிருப்பார்கள். அங்கே விபத்து அதிகம் என்பது உண்மை, ஆனால் பெரும்பாலும் தருமபுரியிலிருந்து சேலம் பக்கம் இறங்கும் வண்டிகளுக்கு. நீங்கள் போகும்போது ஏற்றம், திரும்பி வரும்போதுதான் அது உங்களுக்கு. இரண்டாம் நாள் விடியும் முன்பே ஓசூரை விட்டால் பெங்களூரு நெரிசல் தொடங்குமுன் நைஸ் ரோடு என்ற டோல் ரோட்டைப் பிடித்து நகருக்குள் போகாமலே தும்கூர் ரோட்டில் ஏறிவிடலாம். ராத்திரி வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இந்த ஒரு மணி நேரம்தான் விதிவிலக்கு, அதுவும் நன்றாகத் தூங்கி எழுந்தபிறகு. அதன்பின் சித்ரதுர்கா, தாவணகெரே, மொத்தம் 300 கிலோமீட்டர் போல வரும். சித்ரதுர்கா பக்கம் மலை மேலெல்லாம் காற்றாலை நிற்கும். காற்று எப்படி என்று அதுவே சொல்லும். வேகன் ஆர் உயரமான, லேசான வண்டி, பக்கவாட்டுக் காற்று தள்ளும், ஒரு பெரிய லாரியைத் தாண்டியதும் சட்டென்று ஒரு இழுப்பு இருக்கும். இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தால் ஒன்றும் ஆகாது. மேலே கேரியரில் சாமான் கட்டியிருந்தால் இந்த இடத்தில்தான் வருத்தப்படுவீர்கள்.

மூன்றாம் நாள் ஹூப்ளி, தார்வாட், பெல்காம், நிப்பாணி தாண்டிக் கோலாப்பூர், சுமார் 350. நல்ல ரோடு, ஊர்களுக்குப் பக்கத்தில் மட்டும் ராங் சைடில் டூவீலர் வரும். இந்த நாளில் பார்க்க வேண்டியது மழையை. நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகையில்தான் மழை என்று நினைத்துக்கொண்டு ஜூலை, ஆகஸ்டில் கிளம்பிவிடாதீர்கள், அங்கே அப்போதுதான் கொட்டும். 2019 ஆகஸ்டிலும் 2021 ஜூலையிலும் கோலாப்பூர் பக்கம் பஞ்சகங்கை ஆறு பெருகி இதே நெடுஞ்சாலை மூடப்பட்டு, லாரிகள் நாள்கணக்கில் வரிசையாக நின்றன. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம், நம் பக்கமும் மழை விட்டிருக்கும்.

நாலாம் நாள் கோலாப்பூரிலிருந்து சாத்தாரா வழியாகப் புனே, 230 கிலோமீட்டர்தான், மதியத்துக்கு முன்பே போய்விடலாம். ஆனால் முழு வழியிலும் நான் உங்களை மிகவும் கவனமாக இருக்கச் சொல்லும் இடம் கடைசி அரை மணி நேரத்தில்தான் வருகிறது. கம்பாட்கி கணவாய் தாண்டி, புனேவுக்குள் நுழையுமுன் காத்ரஜ் புதுச் சுரங்கப்பாதை. அதை விட்டு வெளியே வந்ததும் நவலே பாலம் வரை நீளமான இறக்கம். பார்வைக்குச் சாதாரண ரோடு மாதிரி அகலமாக இருக்கும், இறக்கம் என்றே தெரியாது. டீசலை மிச்சம் பிடிக்க சில லாரிக்காரர்கள் அங்கே நியூட்ரலில் இறக்குவார்கள், கீழே வரும்போது பிரேக் சூடாகிப் பிடிக்காது. 2022 நவம்பரில் அப்படி ஒரு லாரி இறங்கியதில் 40-க்கும் மேற்பட்ட வண்டிகள் நொறுங்கின. இதே லைனில் ஓடியவன் என்பதால் சொல்கிறேன், அங்கே ஆபத்து உங்கள் முன்னால் இருப்பதைவிடப் பின்னால் வருவது அதிகம். சுரங்கத்தை விட்டு வந்ததுமே மூன்றாவது கியருக்கு வாருங்கள், பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கள், கண் பாதி நேரம் கண்ணாடியில் இருக்கட்டும், பெரிய லாரிக்கு நேர் முன்னால் போய் மாட்டிக்கொள்ளாதீர்கள், ஹசார்ட் லைட் போட்டுக்கொண்டே ஏதாவது லாரி வேகமாக வந்தால் உடனே இடம் விடுங்கள். வந்துவிட்டோம் என்ற நினைப்பு வரும் இடமும் அதுதான். புனே போர்டைப் பார்த்ததும் போனை எடுத்து யாரையும் கூப்பிடாதீர்கள்.

லாரிகளைப் பற்றி இன்னும் ஒன்று. லாரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் அந்த டிரைவருக்கு நீங்கள் தெரியவில்லை என்று அர்த்தம். ஒன்று பின்வாங்குங்கள், இல்லை ஹாரன் அடித்துச் சட்டென்று தாண்டுங்கள், பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு போவது மட்டும் கூடாது.

வண்டியைப் பற்றி. 2017 வேகன் ஆர் இந்தத் தூரத்தைச் சத்தமில்லாமல் போகும், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் டயரில்தான். எட்டு மாதம் வண்டி அதிகம் ஓடாமல் நின்றிருக்கிறது. டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், 3519 என்றால் 2019-ஆம் வருடம் 35-ஆவது வாரம் செய்தது. பட்டன் (ரோட்டில் படும் பக்கத்து வரிகள்) நன்றாக இருந்தாலும் ஐந்தாறு வருடம் தாண்டி, பக்கத்தில் வெடிப்பு தெரிந்தால் நாலையும் மாற்றிவிடுங்கள். ஸ்டெப்னியையும் பாருங்கள், பெரும்பாலான வண்டிகளில் அதில்தான் காற்றே இருக்காது. பேட்டரி மூன்று நாலு வருடம் ஆகியிருந்தால் புதுசு போடலாம். கூலன்ட், ரேடியேட்டர் ஹோஸ், ஃபேன் பெல்ட், பிரேக் பேட், பிரேக் ஆயில், வைப்பர், ஏ.சி. இதெல்லாம் சர்வீசில் பார்த்துவிடுவார்கள். ஆனால் சர்வீஸ் முடிந்த மறுநாளே கிளம்பாதீர்கள். எது கழற்றப்பட்டதோ அதுதான் கோளாறு கொடுக்கும், ஒரு முந்நூறு கிலோமீட்டர் நம் ஊருக்குள் ஓட்டிப் பாருங்கள், நான் சொன்ன சேலம் ஓட்டத்தையே அதற்கு வைத்துக்கொள்ளலாம். டயர் மாற்ற ஒருதரம் நீங்களே கையால் செய்து பழகுங்கள். ஜாக்கி வைக்கும் இடம் தெரிந்தாலே பாதி பயம் போய்விடும். வீல் நட்டை மெஷினில் இறுக்கியிருந்தால் கையால் கழற்ற வராது, ஒர்க்‌ஷாப்பிலேயே கையால் இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

அம்மாவின் தையல் மெஷின், கிரைண்டர், பித்தளை அண்டா எல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கும்பகோணத்திலிருந்து பார்சல் சர்வீஸ் லாரியில் போடுங்கள், ரூம் கிடைத்தபிறகு அனுப்பச் சொல்லி யாரிடமாவது விட்டுவிட்டும் போகலாம். காரில் உங்கள் துணி, சர்டிபிகேட், நகை, தண்ணீர், சாப்பாடு மட்டும். கனமானதைப் பின்சீட்டுக்குக் கீழே தாழ்வாக வையுங்கள், பின்கண்ணாடி மறையக் கூடாது, பிரேக் போட்டால் தலைக்குப் பறந்து வரும்படி எதுவும் இருக்கக் கூடாது. சமையல் கேஸ் சிலிண்டரைக் காரில் ஏற்றவே ஏற்றாதீர்கள். ஏஜென்சியில் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஒப்படைத்து வவுச்சர் வாங்கிக்கொண்டால் அங்கே இணைப்பு எடுத்துக்கொள்ளலாம்.

டோலுக்கு ஃபாஸ்டேக் அப்பா பேரில் இருக்கும், ஆர்.சி. மாறியதும் அதையும் உங்கள் பேரில் புதிதாக எடுங்கள். 2025 ஆகஸ்ட் 15-இல் வந்த வருடப் பாஸ், அறிமுகமானபோது 3,000 ரூபாய், 200 டோல் அல்லது ஒரு வருடம். தேசிய நெடுஞ்சாலை டோல்களுக்கு மட்டும் செல்லும், நைஸ் ரோட்டுக்கெல்லாம் தனியாகக் கட்ட வேண்டும். நெடுஞ்சாலையில் வண்டி நின்றுவிட்டால் 1033, வேறு எந்த அவசரத்துக்கும் 112. மூன்று மாநிலத்திலும் ஆம்புலன்சுக்கு 108.

தனியாகப் போகும் பெண்ணுக்கு ரோட்டில் என்ன நேரும் என்பது ஆண்பிள்ளையான எனக்கு அனுபவத்தில் வந்தது இல்லை. என்னிடம் வண்டி விடும் பெண்கள் சிலர் இப்படிப் போய் வந்திருக்கிறார்கள், அவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே ரூமுக்குள் போய்விடுவது, ஊருக்கு நடுவில் ஆள் நடமாட்டம் உள்ள லாட்ஜை முன்கூட்டியே பார்த்து வைப்பது, ஆயில் கம்பெனியே நடத்தும் பெரிய பங்க்குகளில் மட்டும் நிறுத்துவது, அரை டேங்குக்குக் கீழே பெட்ரோலை விடாமல் இருப்பது. யாராவது கேட்டால் "அண்ணன் பின்னாடி வண்டில வர்றாங்க" என்று சொல்லிவிடுவது. ஓடும் வண்டியில் பக்கத்தில் வந்து "டயர் பஞ்சர், ஆயில் ஒழுகுது" என்று கை காட்டினால் அங்கேயே நிறுத்தாமல் அடுத்த பங்க் வரை மெதுவாகப் போய்ப் பார்ப்பது. லொகேஷனை இரண்டு பேருக்கு அனுப்பி வைப்பது, அதில் ஒருவர் பதறாதவராக இருப்பது. இந்தக் கடைசி விஷயத்தை எல்லாருமே சொன்னார்கள். என் பங்குக்கு ஒன்று சேர்க்கிறேன்: அந்த ரோட்டில் நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டு லாரிகள் நிறைய ஓடும். டி.என். 28, 34, 52, 88 என்று நம்பர் பார்த்தால் தமிழில் உதவி கேட்கலாம், ஆள் நிறைந்த ஓட்டல் வாசலில் கேளுங்கள். பெரும்பாலும் உதவி கிடைக்கும். எல்லாரும் நல்லவர்கள் என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

போன பிறகு ஆர்.சி. விஷயம். "இங்கேயே என்.ஓ.சி. வாங்கிக்கொண்டு போயிடும்மா" என்று ஏஜெண்டுகள் சொல்வார்கள், வண்டியை வேறு மாநிலத்துக்கு மாற்ற ஆர்.டி.ஓ. தரும் தடையில்லாச் சான்று அது. அவசரப்படாதீர்கள். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால்தான் அங்கே புது நம்பர் வாங்க வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆவது பிரிவு சொல்கிறது. அதுவரை டி.என். நம்பரோடு ஓட்டலாம், நம் லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும். எப்போது வந்தீர்கள் என்று போலீஸ் கேட்டால் காட்ட, டோல் கழித்த ஃபாஸ்டேக் கணக்கைப் பத்திரமாக வையுங்கள். முகவரி மாறியதை 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 49-ஆவது பிரிவு சொல்கிறது, நிரந்தரமாகக் குடிபோனதும் அது பொருந்தும். அங்கேயே இருப்பது என்று முடிவானதும் கும்பகோணத்தில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி., புனேவில் புது நம்பருக்குப் படிவம் 27, அங்கே வரி. அதன்பிறகு இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கு உரியதைத் திருப்பிக் கேட்கலாம். கிடைக்கும், ஆனால் நடையாய் நடக்க வேண்டும். இன்சூரன்சிலும் முகவரியை மாற்றுங்கள். பிரீமியத்துக்குப் புனே ஏ மண்டலம், நம் ஊர் பி மண்டலம், கொஞ்சம் கூடும்.

இப்போது அந்த இன்னொரு கேள்வி. ஊரை விட்டுப் போனால் மனசு ஆறுமா என்பதை என் தொழில் எனக்குக் கற்றுத் தரவில்லை, யார் உறுதியாகச் சொன்னாலும் நம்பாதீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: லைனில் எத்தனையோ பேர் ஊரை விட்டு வந்து ஓட்டல் போட்டு, பஞ்சர் கடை போட்டு நிலைத்ததைப் பார்த்திருக்கிறேன், ஒரு வருடத்தில் திரும்பியவர்களையும் பார்த்திருக்கிறேன், திரும்பியவர்கள் யாரும் கெட்டுப் போகவில்லை. அதனால் வீட்டை அவசரப்பட்டு விற்காதீர்கள். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுங்கள், ஐப்பசி மழைக்கு முன் ஓட்டையும் கூரையையும் யாராவது பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். இன்னொன்று, எட்டு மாதம் என்பது துக்கத்தில் ரொம்ப நாள் கிடையாது. அப்பா சீட்டில் உட்கார்ந்து நாலு நாள் தனியாக ஓட்டும்போது ஏதோ ஒரு இடத்தில் அழுகை வரும். வந்தால் ஓட்டிக்கொண்டே அழாதீர்கள் தங்கச்சி, பங்க்கில் ஓரம் கட்டி அழுது முடித்துவிட்டுக் கிளம்புங்கள், நாலு நாள் வைத்திருப்பதே அதற்கும் சேர்த்துத்தான்.

புனேவில் மொழி பயம் வேண்டாம். மராத்திக்கும் இந்திக்கும் எழுத்து ஒன்றே, கிளம்பும் முன் எழுத்துக்களை மட்டும் கற்றுக்கொண்டால் கடைப் பலகையும் பஸ் போர்டும் படிக்கலாம். அந்த எழுத்து நம் பெரிய கோயிலில் சரபோஜி காலத்து மராத்திக் கல்வெட்டாகவே இருக்கிறது, ஒருநாள் போய்ப் படித்துப் பழகுங்கள்.

கம்பெனிக்கு இன்றே எழுதிச் சேரும் தேதியை இரண்டு வாரம் தள்ளித் தர முடியுமா என்று கேட்டுப் பாருங்கள், நிறையப் பேர் கேட்பதுதான், பெரும்பாலும் தருவார்கள். தராவிட்டால் ரயில். வாரிசுச் சான்றிதழுக்கு இந்த வாரமே மனு போட்டுவிடுங்கள். நாலு டயரிலும் ஸ்டெப்னியிலும் உள்ள அந்த நாலு இலக்க எண்ணையும், பட்டனையும் பக்கவாட்டையும் போட்டோ எடுத்து இதற்குக் கீழே போடுங்கள், எதை மாற்ற வேண்டும், எது இன்னும் ஒரு வருடம் ஓடும் என்று பார்த்துச் சொல்கிறேன்.